மிளகளவு வெளுப்பு

படக் கோப்பைச் சுருக்குவது குற்றமல்ல ஐயா. எங்கள் எக்ஸ்ரே அறையில் தினமும் செய்கிற வேலைதான். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. பிரித்தால் ஒரு நூலும் குறைந்திருக்காது. மற்றது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாததை எறிந்துவிட்டு இடத்தை மிச்சம் பிடிப்பது. எறிந்தது திரும்ப வராது. மருத்துவருக்கு முதல் விதத்தில்தான் அனுப்ப வேண்டும். இருபது வருடம் அப்படித்தான் அனுப்பினேன்.

இருமல் நிற்கவில்லை என்று என் தங்கை வந்தாள். கணவனை இழந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பலகையில் மார்பை ஒட்டி நின்றுகொண்டு, "உள்ள இதயம் இருக்கான்னு பாத்துச் சொல்லுண்ணா. உன் மச்சான் கடைசி வரைக்கும் இல்லன்னுதான் சாதிச்சாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவர் போன பிறகு அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

திரையில், வலது நுரையீரலின் மேல்பக்கம், மிளகளவு ஒரு வெளுப்பு.

வெளியே பெஞ்சில் அவள் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. கண்ணை மூடி, இவளுக்குக் கொஞ்ச நாள் கொடு என்று ஆண்டவனிடம் கேட்டேன். பிறகு படத்தை இரண்டாம் விதத்தில் சுருக்கினேன். தரத்தை இன்னும் இறக்கி மறுபடி சுருக்கினேன். ஆறாவது தடவையில் வெளுப்பு பக்கத்துச் சாம்பலோடு கலந்துவிட்டது. அதை முதல் விதத்தில், வழக்கமான முழுத்தரக் கோப்பாக மாற்றினேன். மிச்சமிருந்ததை அது அப்படியே காப்பாற்றியது. அசலை அழித்தேன். வேறு ஊரிலிருந்து படம் பார்க்கும் மருத்துவர், 'சற்று மங்கல். குறை ஏதுமில்லை' என்று எழுதினார்.

அவளுக்கு ஒன்பது மாதம் கிடைத்தது. நீச்சல் கற்றுக்கொண்டாள். தோழிகளோடு கடல் பார்த்துவிட்டு வந்தாள். ஒருவருக்கு நம்மால் தர முடிவது சின்னச் சின்ன நிம்மதிதான் என்று நம்புகிறவன் நான்.

பத்தாம் மாதம் ரத்தமாக இருமினாள். புற்றை மிளகளவில் பிடித்திருந்தால் வெட்டி எடுத்துக் குணப்படுத்தியிருக்கலாம் என்றார் மருத்துவர். அது எனக்குப் புதிய செய்தி அல்ல.

கடைசி வாரம் அவள் மகன் என் சட்டையைப் பிடித்தான். "நீங்கதானே மாமா படம் எடுத்தீங்க? உங்க கண்ணுல படவே இல்லையா?"

படுக்கையிலிருந்து அவள் கையை நீட்டித் தடுத்தாள். "விடுடா. மாமா கண்ணுல பட்டிருந்தா என்னை இப்படி விட்டிருப்பாரா?" என்னைப் பார்த்தாள். "இல்லண்ணா?"

"படலம்மா" என்றேன்.

என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அன்றைக்கும் அவளை நான் அழவிடவில்லை.