ஒரு வாக்கு குறைந்த ஏகமனது

மொன்ட்ரியலில் வயதானவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டுவதற்கு முதலில் வேண்டியது ஒரு நல்ல வான் வண்டி. கோட்-டெ-நெய்ஜில் எங்கள் மூத்தோர் சங்கத்துக்கு நான், அருமைநாதன், பத்தொன்பது வருடம் தலைவராக இருந்தது அந்த வானால்தான். தங்கச்சி கஜந்தினி, டிடெக்டிவ் ஐயாவுக்கு இதை வடிவாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

வான் ஓட்டுபவர் அன்டன். யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்ற பட்டியல் என் கையில். விதி ஒன்றுதான். வான் வரும்போது தெருவோரம் நிற்க வேண்டும். ஹோர்ன் அடிக்கமாட்டோம், கதவு தட்டமாட்டோம். நிற்காதவருக்கு அடுத்த மூன்று மாதம் வான் இல்லை. கொடுமை என்பீர்கள். மூட்டுவலிக்காரர்கூடப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்தலும் அதே ஒழுங்குதான். ஒவ்வொரு ஜனவரியும் ஒருவர் என் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். ‘ஏகமனதாக’ என்று அறிக்கையில் நானே எழுதுவேன். அதற்குப் பிறகுதான் வடை கொடுக்கச் சொல்வேன்.

போன வருடம் பிலோமினம்மா கர்க்லாண்டிலுள்ள மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எழுபத்துநாலு வயது, யாழ்ப்பாணத்தில் சரித்திர ரீச்சர். பிரெஞ்சுப் புரட்சி பற்றிப் பேசட்டுமா என்று கேட்டார். கியூபெக்கில் இருந்துகொண்டு பிரெஞ்சு விஷயத்தை மறுப்பதா என்று அனுமதித்தேன். அரசரைக் கடவுளே நியமித்ததாகச் சனம் நம்பியதாம். பிறகு ஒருநாள் நம்பாமல் விட்டதாம். அவர் பேசப் பேசச் சனம் அவரைப் பார்க்கவில்லை, முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தது. அரசரின் தலை விழுந்த இடத்தில் கைதட்டினார்கள். ஜனவரியில் எனக்குத் தட்டுவதைவிடப் பலமாக.

பேச்சு முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணை, இந்தமுறை வாக்குப்பெட்டி வைப்பம். தலைவருக்கு நானும் நிக்கிறன்.”

“ஏன் பிலோமினம்மா, என்னிலை என்ன குறை கண்டியள்?”

“குறை சொல்லச் சனத்துக்குப் பயமாக் கிடக்கு. அதுதான் குறை. பெட்டியெண்டால் ஆர் போட்டதெண்டு தெரியாதல்லோ.”

பக்கத்தில் நின்ற சிசிலி, “ரீச்சர் வெண்டால் வான்காரன் இறங்கி வந்து கதவு தட்டுவான். நாங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டு ஆறுதலா வரலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சங்கத்தின் யாப்பை, அதாவது விதிகளை, எழுதியவன் நான். கூட்டத்துக்கு வராதவர் போட்டியிட முடியாது.

தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை குளிர் மைனஸ் இருபத்தேழு. பிலோமினம்மாவின் மகன் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார். பட்டியலில் பிலோமினம்மாவின் நேரம் காலை ஒன்பது மணி. அன்டனிடம், “ரீச்சருக்குக் காய்ச்சலாம், அந்தப் பக்கம் போகவேண்டாம்” என்றேன். செய்தது அவ்வளவுதான். மிச்சம் தொலைபேசியில்.

ஒன்பது இருபதுக்கு எனக்கு எடுத்தார். “அண்ணை, வானைக் காணேல்லை.”

“வந்துகொண்டிருக்கு. அஞ்சு நிமிசம்.”

ஒன்பது ஐம்பதுக்கு, “உள்ளுக்குப் போய் நிக்கட்டே?”

“இண்டைக்கு ஓடுறது புது ஆள், வீடு தெரியாது. உங்களைக் காணாட்டில் போயிடுவான். தெருவிலையே நில்லுங்கோ.”

பத்தேகாலுக்கு மூன்றாவது தடவை. குரலும் மூச்சும் இழுத்தன. “டாக்ஸி... எடுக்கட்டே, அண்ணை?”

“வேண்டாம், வான் உங்கடை ரோட்டுக்குத் திரும்பிட்டுது. நில்லுங்கோ.”

நாலாவது அழைப்பு வரவில்லை.

உள்ளே போவதா, வெளியே நிற்பதா என்று தீர்மானிக்க அவருக்குப் பூரண சுதந்திரம் இருந்தது. அதைத்தானே அவர் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. “ரீச்சர் ஆசைப்பட்டவ, பெட்டி வைப்பம்” என்று நானே அறிவித்தேன். சனம் மகிழ்ந்துபோனது. போட்டியில் நான் ஒருவன்தான் என்பதால், சீட்டில் எனக்கு ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் பனி வழிக்க வந்து, தெருவோரம் கிடந்த அவரைக் கண்டது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அவர் சாகவேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். கூட்டத்துக்கு வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவருக்கு முட்டு வருத்தம், குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். அங்கத்தவர் படிவத்தில் வாசித்திருக்கிறேன். மூன்றாவது தடவை அந்த மூச்சைக் கேட்டபோது, வராமல் இருப்பதும் சாவதும் அன்றைக்கு ஒன்றுதான் என்று விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் ‘நில்லுங்கோ’ என்றேன். அதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சிறு உதவி மட்டும். நாற்பத்திரண்டு சீட்டு விழுந்தது. நாற்பத்தொன்றில் ‘ஓம்’. இதோ, இந்த ஒன்றில் மட்டும் ‘பிலோமினம்மா’ என்று இருக்கிறது. உங்களிடம் கையெழுத்து நிபுணர்கள் இருப்பார்கள். எழுதியது யார் என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஒருவர் யாரென்று தெரிந்துவிட்டால், எங்கள் சங்கம் மறுபடி ஏகமனதாகிவிடும்.