பூசணம் பூத்த கடலை

மானகிரியில் பஸ் நின்றபோது, என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த ஆச்சியிடம் சொன்னாள்:

"நிலக்கடலையில விஷம் இருக்காம் ஆச்சி."

"யாரு சொன்னது?"

"விவசாயக் காலேசுல படிக்கிற எம் மகன். பூசணம் பூத்த கடலை ஈரலைக் கெடுத்துருமாம். புதுசாக் கண்டுபிடிச்சிருக்காக. வறுத்தாலும் போகாதாம்."

ஆச்சி சிரித்தாள். "எங்க வீட்டுல அதை யாரு திங்கிறா? ஒண்ணுவிடாமப் பொறுக்கி எடுத்துருவேன்ல."

"எடுத்து என்ன செய்வீக?"

"வீச மனசு வருமா? செக்குல கொடுத்து எண்ணெயா ஆட்டிருவேன்."

"எண்ணெயிலயும் எறங்குமாம் ஆச்சி."

ஆச்சியின் சிரிப்பு நின்றது. மடியிலிருந்த எண்ணெய்த் தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாசமா இருக்கிற மகளுக்குத்தான் கொண்டுபோறேன். போன தடவை கொடுத்தது தீந்துபோச்சுன்னு சொல்லிவிட்டிருந்தா."