வர்றேன்க்கா

கேம் செய்கிறவன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, நாள் முழுக்க விளையாடிக்கொண்டே இருப்பீர்களா என்பதுதான். நீங்களும் அதையே கேட்டீர்கள், மேடம். அதில் தவறில்லை. உண்மையில் நாங்கள் விளையாடுவது குறைவு. ஆடுகிறவரின் விரல் திரையில் பட்ட பிறகு அந்தத் தொடுதல் எங்கே போகிறது, யார் கையில் சிக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே எங்கள் பிழைப்பில் பாதி போய்விடும்.

என்னோடு சேர்ந்து கேம் செய்கிற அன்வருதீன் நேற்று இதே பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாம் தன் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். என் மேல் யாரும் புகார் சொல்லவில்லை. "அப்புறம் நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டீர்கள். அவன் எழுதிக் கொடுத்தது உண்மையில்லை. உண்மையில்லை என்பது அவனுக்கே தெரியாது. அது எப்படி என்று விளங்க, ஒரு தொடுதல் போகும் வழியை நான் முதலில் சொல்ல வேண்டும். கடினமான விஷயம் இல்லை.

உங்கள் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புகாரோடு வருகிறார். வாசலில் சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் நிற்கிறார். அவரே கேட்டுத் தீர்த்து அனுப்பிவிட்டால் புகார் அங்கேயே முடிந்தது. அவரால் ஆகாவிட்டால் உள்ளே ரைட்டரிடம் போகும். அவராலும் ஆகாவிட்டால்தான் உங்கள் மேசைக்கு வரும். கேம் இன்ஜினும் இப்படித்தான். நமக்குத் தெரிவது ஒரே திரை. உள்ளே கண்ணாடித் தகடுகள் போல அடுக்கடுக்காக இருக்கும், பேனல் என்போம். விரல் பட்டதும் இன்ஜின் அதை ஒரு சின்னச் செய்தியாக்கி, மேல் தகட்டிடம் நீட்டி, இது உனக்கா என்று கேட்கும். எனக்குத்தான் என்று அது வாங்கிக்கொண்டால் பயணம் முடிந்தது. கீழே இருப்பவற்றுக்கு அப்படி ஒரு தொடுதல் வந்த சேதியே போகாது. எனக்கில்லை என்றால் அடுத்த தகடு. இப்படியே அடிவரைக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தகடு கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்று இன்ஜின் பார்ப்பதில்லை. முழுக்க மங்கி, காற்றைப் போல ஆகிவிட்ட தகடும் மேலே கிடந்தால் தொடுதலை வாங்கிக்கொள்ளும். எங்கள் தொழிலுக்கு வருகிற யாரும் இதில் ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள். பட்டன் எதிரிலேயே இருக்கும். குத்து குத்தென்று குத்தினாலும் அசையாது. யாரோ எடுக்க மறந்த தகடு மேலே கிடக்கும். ஆகவே இந்தத் தவறைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பாவம், மறந்துவிட்டான் என்றுதான் தோன்றும்.

என் அக்கா நிர்மலாதேவி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்தவள். மாமா இறந்து, மகள் ஹேமலதா வேலைக்காகப் பிரான்சுக்குப் போன பிறகு முதலியார்பேட்டை வீட்டில் அக்காவும் நானும்தான். கீழே அவள், மாடியில் என் வேலை. அவளுக்கு வந்தது தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய். கடைசியில் வலக்கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். பேச்சு வரும், ஆனால் பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். தொண்டையில் சளி அடைத்தால் அவளால் துப்ப முடியாது. கட்டிலருகே உறிஞ்சும் மெஷின் இருந்தது. குழாயை வாயில் விட்டுப் பட்டனைத் தட்டினால் போதும், ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அன்வரும் நானும் அந்த கேமைச் செய்தோம். விரலுக்கு எட்டுகிற மாதிரி ஸ்டாண்டில் ஒரு டேப்லெட். திரையில் ஒரு படகு. தொட்டால் அலையைத் தாண்டும். பொழுதும் போகும், விரலும் மரத்துப்போகாது. மூலையில் ஒரு மணியின் படம். அதைத் தொட்டால் மாடியில் என் மேசையில் மணி அடிக்கும். பிள்ளைச்சாவடி கரையில் இருந்து பார்ப்பது போலக் கடலை அன்வர் அழகாக வரைந்திருந்தான். அக்கா அலையைத் தாண்டி ஜெயித்தால் பூ மழை பெய்கிற ஒரு தகடு மேலே விரியும். அதுவும் அவன் செய்ததுதான்.

அந்தப் பூத்தகட்டில்தான் அவன் அந்தத் தவறைச் செய்தான். பூக்கள் மங்கி மறையும், தகடு மறையாது. முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தேன். அக்கா ஜெயித்த ஒரு மத்தியானம் மணியே அடிக்கவில்லை. அப்படி ஒரு நிம்மதியான மத்தியானம் எனக்கு அமைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இறங்கிப் போனபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. கால் மடங்கிக் கிடந்திருக்கிறது. அன்றே சரி செய்தேன். அன்வருக்குச் சொல்லவில்லை, வருத்தப்படுவான் என்று.

அக்கா மணியை ஓயாமல் அடிப்பாள். குறை சொல்லவில்லை, விஷயத்தைச் சொல்கிறேன். கொசு. ஃபேன். தலையணை. ஒன்றுமே இல்லாமலும் அடிப்பாள். போய் நின்றால் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரிப்பாள். "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்லடா, மூஞ்சிய காட்டிட்டுப் போ" என்பாள். கவனம் அறுந்தால் எங்கள் வேலையைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். மத்தியானம் கடைகளெல்லாம் மூடித் தெரு அடங்கியிருக்கிற அந்த நேரம்தான் எனக்கு வேலை ஓடும். துணைக்கு இருந்த செல்வாம்பாளும் அப்போது தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

யோசித்துப் பார்த்தேன். அக்காவுக்குத் தேவை நான் வருவதா, வருவேன் என்ற நம்பிக்கையா? இரண்டாவதுதான் என்று முடிவு செய்தேன். மணிக்கு மேலே என் கையால் ஒரு தகடு போட்டேன். கண்ணுக்குத் தெரியாது. மத்தியானத்தில் மட்டும் விரியும். தொடுதலை வாங்கிக்கொண்டு, கீழே அனுப்பாமல், என் குரலில் பதில் சொல்லும்: "வர்றேன்க்கா." அன்பான தொனி வருகிறவரை பல முறை பதிவு செய்தேன். மறுபடி தொட்டால் குரல் முதலில் இருந்து தொடங்கும்.

நன்றாகவே நடந்தது. ஒருமுறை மாடிப்படியில் நின்று பார்த்தேன். தொட்டாள். குரல் வந்தது. டேப்லெட்டைப் பார்த்து "மெர்சி" என்று உதட்டை அசைத்தாள். பிறகு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சத்தமில்லாமல் ஏறிப் போய்விட்டேன். நீண்ட தொடுதலை மட்டும் மணிக்கு விட்டுவிடலாம் என்று ஆரம்பத்தில் ஒரு வழி வைத்திருந்தேன். அவள் அதைக் கண்டுபிடித்து, எப்போதும் நீளமாகவே தொட ஆரம்பித்தாள். அதையும் அடைத்தேன்.

செல்வாம்பாள் ஒருநாள் கேட்டார். "ஏன் தம்பி, வர்றேன்னு சொல்லிட்டு வரவே இல்லியாமே? அக்கா ஆத்தாமையா சொல்லிச்சு."

"மீட்டிங்ல மாட்டிக்கினேன்மா."

அக்கா என்னைக் கோபிக்கவில்லை. "உன் வாய்தான்டா சீக்கிரம் வருது, காலு வர மாட்டேங்குது" என்றாள். சிரித்தேன். குரல் என்னுடையது, ஆள் நானில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தும் மெர்சி சொல்லியிருக்கிறாள்.

அக்கா இறந்த அன்று, சாயங்காலம் செல்வாம்பாள் போட்ட கூச்சலில்தான் இறங்கி ஓடினேன். டாக்டர் வந்து பார்த்து, சளி அடைத்து மூச்சு நின்றிருக்கிறது என்றார். வீடு ஜனங்களால் நிறைந்தது. அந்தச் சந்தடியில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் தகட்டையும் குரலையும் எடுத்தேன். வெறுமனே எடுத்திருந்தால் மணி நன்றாக அடிக்கும். அப்படியானால் ஏன் இறங்கி வரவில்லை என்று என்னைக் கேட்பார்கள். அதனால் அன்வரின் பழைய பூத்தகட்டை, அவன் செய்த தவறோடு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

ஹேமலதா வந்ததும் மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாள். அன்வர் உட்கார்ந்து பார்த்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். "மாப்ள, என் பேனல்டா. பூ மறஞ்ச உடனே எடுத்திருக்கணும், வுட்டுட்டேன். என் கையாலதான்டா அக்காவ..." என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். எல்லாரும் பண்ற தப்புதான்டா என்றேன். ஹேமலதா அவனை வீட்டை விட்டுப் போகச் சொன்னாள். என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க இல்லன்னா அம்மா எப்பவோ போயிருப்பாங்க மாமா" என்று அழுதாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. காரியம் முடிகிறவரை அன்வரின் அம்மா ஜஹபர் நிஷா எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார், மகன் செய்த பாவத்துக்காக. அதையும் சாப்பிட்டேன். அன்வர் இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. நீங்கள் அவன் மேல் எழுதியிருப்பதைக் கிழித்துவிட வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

அவன் விஷயம் அதோடு முடிந்துவிடும். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. மணிதான் அடிக்கவில்லை, குரல் கேட்டிருக்குமே என்று.

கேட்டது, மேடம். அந்த மத்தியானம் தெரு அவ்வளவு அமைதி. என் குரல் மாடிப்படி வழியாக என்னிடமே ஏறி வந்தது. முதலில் முழுதாக, "வர்றேன்க்கா." பிறகு, "வர்றே..., வர்றே..., வர்..." ஓர் ஆள் பதற்றத்தில் திக்குவது போல. சொல்லி முடிப்பதற்குள் விரல் மறுபடி பட்டால்தான் அந்தக் குரல் அப்படி வெட்டுப்படும். இந்த ஊரில் அது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எழுந்தேன். கதவு வரை போனேன். கீழே யாரோ அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கடைசியாக ஒருமுறை அந்தக் குரல் வெட்டுப்படாமல் முழுதாக வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அக்கா சமாதானமாகித் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.