தானாக முளைத்த சுரை

வீட்டில் காய்கறித் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, கண்ட விதையையும் வாங்கிக் குவிப்பது. இரண்டு சாக்கில் மண், கொஞ்சம் மக்கிய சாணம், ஒரு கீரை, ஒரு சுரை போதும். பூச்சி வந்தால் வேப்பெண்ணெய். கடை மருந்தை நான் கையால் தொட்டதில்லை. இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, சும்மா சொன்னேன்.

தோட்டம் ஆரம்பித்தது என் வீட்டுக்காரருக்காகத்தான். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, நாக்கில் ருசியும் போன பிறகு, மருந்தடிக்காத காயாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். தினமும் காலையில் சுரைக்காய்ச் சாறு.

"எப்படி இருக்கு?" என்று கேட்பேன்.

"மண்ணைக் கரைச்சுக் குடுத்தாலும் எனக்கு இதேதான்" என்பார். சொல்லிவிட்டு ஒரு பக்கமாகச் சிரிப்பார்.

நல்ல கைக்குப் பக்கத்தில் ஒரு மணி வைத்திருந்தேன். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் எனக்கென்று கொஞ்ச நேரம். ஊற்ற ஆரம்பித்ததும் மணி அடிக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தால், "ஒண்ணுமில்ல, நீ இருக்கியான்னு பாத்தேன்." கோபப்பட முடியுமா? அவரும்தான் என்ன செய்வார்.

மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ இருக்கேங்கிற தைரியத்துலதாம்மா நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்" என்றாள். பிறகு அவளே ஒருநாள் கூப்பிட்டாள்.

"அம்மா, என் மாமனாரும் படுக்கையில விழுந்துட்டாரு. அங்க கொண்டுவந்து விடறேன். ஒருத்தரைப் பாக்கற கைக்கு இன்னொருத்தர் பாரமா? அப்பாவுக்கும் பேச்சுத் துணையாச்சு."

"சம்பந்திக்குப் பேச வருதா?"

"இல்லம்மா. கேப்பாரு."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலோடு வருவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மாடியில் குப்பை மக்கப்போடும் தொட்டியில் ஒரு சுரை தானாக முளைத்திருந்தது. பக்கத்துக் காலி மனை வேலியில் பேய்ச்சுரை படர்ந்து கிடக்கிறது. அதன் மகரந்தம் கலந்த விதையாக இருந்தால் காய் கசக்கும். ஆகவே தானாக வந்த சுரையைப் பிடுங்கிவிட வேண்டும். தெருவில் எல்லாருக்கும் நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். எனக்குப் பிடுங்க மனசு வரவில்லை. யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்த உயிர்.

சனிக்கிழமை காலை அதில் முதல் காய் பறித்துக் கீழே கொண்டுவந்தேன். நறுக்குமுன் காம்புப் பக்கம் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது வழக்கம். வைத்தேன். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எம்மாம் பெரிய காய்! பாதி குடுங்களேன், பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன்."

"ஐயோ, இது உனக்கு வேணாம்டி. கசப்பு. கீரை பறிச்சுத் தரேன்."

"அப்ப தூக்கிப் போட்டுருங்க. ஆளையே அடிச்சுரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"போட்டுடறேன்" என்றேன்.

அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நல்ல பெண். அவளைத் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்கு அழைக்காதீர்கள், பிழைப்பு கெட்டுவிடும்.

அவள் போனதும் மணி அடித்தது. அது சாறு கேட்கிற மணி. நல்ல காய் மாடியில் இருந்தது. மறுபடி படி ஏற வேண்டும். கையில் இருந்தது இதுதான். முழுக் காயையும் அரைத்தேன்.

தலையணையில் சாய்த்து உட்காரவைத்து டம்ளரை வாயில் பிடித்தேன். பாதியில் நிறுத்திக் கேட்கவும் செய்தேன். கேட்காமல் கொடுத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"கசக்குதா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "இல்லையே. நீயும் கொஞ்சம் குடியேன், வாடிப்போய் நிக்கிற."

"அப்புறம் குடிக்கிறேன்" என்றேன். மிச்சத்தையும் குடித்தார்.

அவர் வாந்தி எடுத்தபோது நான் மாடியில் இருந்தேன். மணி அடித்தது. விடாமல் அடித்தது. அன்றைக்கு மட்டும் எல்லாச் செடிக்கும் நிதானமாக ஊற்றிவிட்டு, மணி நின்ற பிறகு இறங்கினேன்.

நான்தான் ஐயா கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. கசக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டம்ளரை அப்போதே கொட்டியிருப்பேன். அவர்தான் சொல்லவில்லை.