கோரியின் வரிசை

பனி உருகத் தொடங்கினால் என் இடது முழங்கால் குடைய ஆரம்பித்துவிடும். எங்கள் லீகின் ஆண்டுக் கூட்டமும் அப்போதுதான் வரும் என்பதால் அந்த வலியை நான் குறை சொல்வதில்லை.

எங்கள் லீகில் யாரும் மட்டையைத் தொடுவதில்லை. அமெரிக்காவின் டொலிடோவில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பவுலிங் கூடத்தின் பின்னறையில் கூடுகிற எட்டுப் பேர், ஆளுக்கொரு பேஸ்பால் அணி வைத்திருக்கிறோம். வீரர்களின் மதிப்பெண்களை வைத்துக் கணினியே ஆட்டங்களை ஆடி முடித்துவிடும். அந்த மதிப்பெண்கள் என் எக்செல் தாளில் இருக்கின்றன. அடிக்கு எவ்வளவு, ஓட்டத்துக்கு எவ்வளவு, எறிதலுக்கு எவ்வளவு என்று எடை வைப்பது தொடக்கத்திலிருந்தே என் வேலை. விதிகளும் நான் எழுதியவைதான். மொத்தம் நாற்பதுக்குக் கீழே போகும் வீரரை நீக்கிவிட வேண்டும். நீக்கப்பட்டவர் திரும்பி வர முடியாது. தாள் குப்பையாகாமல் இருக்க அப்படி ஒன்று தேவை.

வீரர்கள் எல்லாரும் நிஜ ஆட்டக்காரர்கள். ஆனால் அணிக்கு ஒரு ‘வீட்டு ஆள்’ உண்டு. நமக்கு வேண்டிய யாரையாவது சேர்த்துக்கொள்ளலாம். ஏர்ல் தன் நாய் பிஸ்கட்டைச் சேர்த்தான். ராய்ஸ் தன் மகன் கோரியைச் சேர்த்தான்.

ராய்ஸ் சேர்த்தது, கோரி கார் விபத்தில் இறந்த பிறகு. அடக்கம் முடிந்த வாரம் ராய்ஸ் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். காப்பியைத் தொடவில்லை.

“உள்ளதை உள்ளபடி போடு, நார்ம். அடி சுமார்தான். ஓட்டம், என் பிள்ளைதானே, எங்கேர்ந்து வரும்? ஆனா அவன் பொறுமை இருக்கு பாரு, ஆகாத பந்து ஒண்ணைக்கூடத் தொடமாட்டான். விட்டு விட்டே முதல் தளத்துக்கு நடந்து போயிடுவான்.”

பேஸ்பாலில் நான்கு பந்துகள் தவறாக வந்தால் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கலாம்; அதற்கான பொறுமைக்குத் தொண்ணூற்றேழு போட்டேன். அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். என்னை விட்டால் அவனுக்கு ஆள் இல்லை என்று அன்று நம்பினேன். நம்பியது என் முட்டாள்தனம்.

போன வருடக் கூட்டத்தில் ராய்ஸ் எழுந்து, இனி எடைகளை எல்லோரும் வாக்களித்து முடிவு செய்யலாம் என்றான். எங்களிடம் கை தூக்கும் வழக்கம் இல்லை. சம்மதம் என்றால் தொப்பியைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். அவன் வாயை மூடுவதற்குள் ஏழு தொப்பிகள் மேசையில் இருந்தன. எல்லாரிடமும் முன்பே பேசி வைத்திருக்கிறான், என்னிடம் தவிர. முதலில் விழுந்தது அவன் தலையிலிருந்த கோரியின் பழைய பள்ளித் தொப்பி.

“ராஜா பதவி போச்சுடா நார்ம். இனிமே நீயும் எங்களை மாதிரி சாதா ஜனம்தான்,” என்று ஏர்ல் சிரித்தான்.

“நீ ஒருத்தனே கிடந்து சுமக்க வேணாம்னுதான்டா,” என்றான் ராய்ஸ்.

நானும் சிரித்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு யார் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

வாக்கெடுப்பு கேட்டார்கள், கொடுப்போம் என்று முடிவு செய்தேன். குளிர்காலம் முழுக்க எடைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பொறுமையின் எடையைக் குறைத்தால் வேறு சிலரும் நாற்பதுக்குக் கீழே விழுந்தார்கள். அவர்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஓட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி, எறிதலைக் கொஞ்சம் இறக்கி, ஒவ்வொருவராக மேலே கொண்டுவந்தேன். கடைசியில் ஒரே ஒரு வரிசை கீழே நின்றது. கோரியின் மதிப்பெண் ஒன்றைக்கூட நான் தொடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூற்றேழு தொண்ணூற்றேழாகவே இருந்தது.

இந்த வருடக் கூட்டத்தில் அதை முன்வைத்தேன். ஆட்டத்தில் இப்போது வேகத்துக்குத்தான் மதிப்பு என்று விளக்கினேன்.

“ஓட்டத்துக்கு எடை கூடுதா? அப்ப பிஸ்கட் காட்டுல மழைதான்,” என்று ஏர்ல் தொப்பியைக் கழற்றினான்.

“நார்ம் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று ராய்ஸ் கோரியின் தொப்பியை வைத்தான். அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன். புரொஜெக்டர் சுவரில் காட்டிய தாளில் மொத்தங்கள் மாறின. கோரியின் வரிசை சிவப்பானது. ராய்ஸ் எழுந்து போய் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தான்.

“எங்கேயோ தப்பு இருக்குடா. நீ ஒரு தடவை பாரு, நார்ம். உன்னை விட்டா யாருக்கு இது தெரியும்?”

பார்த்தேன். அவசரப்படாமல், கட்டம் கட்டமாகப் பார்த்தேன்.

“கணக்கு சரியா இருக்கு, ராய்ஸ்.”

“விதியை விடுங்கப்பா. பையன் இருந்துட்டுப் போகட்டும்,” என்றான் ஏர்ல். அவன் சிரிக்கவில்லை.

“வாக்கெடுப்பு வேணும்னது நீங்கதானே?” என்றேன். பக்கத்து அறையில் யாரோ எல்லாக் கட்டைகளையும் ஒரே உருட்டில் சாய்த்துக் கூச்சலிட்டார்கள்.

ராய்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நீயே எடுத்துடு. என் கையால முடியாது,” என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

எடுத்தேன். வீட்டு ஆட்கள் தாளின் அடியில் தனியாக இருப்பார்கள். கோரியின் வரிசை போனதும் கீழே இருந்தவர்கள் ஒரு படி ஏறினார்கள். அவன் இருந்த இடத்தில் இப்போது பிஸ்கட்டின் பெயர் இருக்கிறது.

அன்று ஆலங்கட்டி மழையில் ராய்ஸ் வெறுந்தலையோடு போனான். தொப்பியை நான்தான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனேன், உள்ளே விளக்கு எரிந்தும் கதவைத் திறக்கவில்லை. இத்தனை வருட நட்பை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அறுத்துக்கொள்ள அவனுக்கு எப்படித்தான் மனம் வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.