நெக்ராஸ் என்று பெயர் வைத்தோம்

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை, மதியம். ரங்கூன், பபேடானில் எங்கள் தெரு. பின்னால் டப், டப். இரண்டு துப்பாக்கி வெடி. பிறகு கடைக் கதவுகள் படபடவென்று இறங்கும் சத்தம். மகன் என் கையை விட்டுவிட்டான்.

மாடியிலிருந்து டாவ் மியா கத்துகிறாள். பர்மாக்காரி. எங்களோடு பழகித் தமிழ் வந்துவிட்டது.

"நெக்ராஸ்! லாரி வருது! சந்துக்குள்ள ஓடு!"

ரங்கூனில் அந்தப் பெயர் அவன் ஒருவனுக்குத்தான். என் முதல் இரண்டு குழந்தைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவது பிறந்தபோது என் கணவர் கப்பலில் இருந்தார், என்ஜின் அறையில். கூட வேலை செய்த ரஷ்யக்காரர் சொன்னாராம்: அவர்கள் பக்கத்தில் பழைய காலத்தில் பிள்ளைக்கு நெக்ராஸ் என்று வைப்பார்களாம். 'நே' என்றால் அல்ல. 'க்ராஸா' என்றால் அழகு. அழகில்லாத பிள்ளை என்று பொருள். கெட்டது எதுவும் அதை விரும்பி எடுத்துப் போகாதாம். இப்போது அங்கேயே அந்தப் பெயர் அபூர்வமாம்.

"நம்ம குப்பன், பிச்சை மாதிரிதான்" என்று போனில் சிரித்தார். குப்பன் என்று வைத்தால் பள்ளியில் கேலி செய்வார்கள். நெக்ராஸ் என்றால் யாருக்குப் புரியப்போகிறது? வைத்தோம். நம் வழக்கத்தையும் விடவில்லை. குழந்தையை டாவ் மியாவிடம் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினேன். பிள்ளை பிழைத்தான். வளர்ந்தான்.

சந்தின் மறுமுனையிலும் லாரி நின்றது. பட்டாளத்துக்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள், சண்டைக்கு அனுப்ப. பெயர் கேட்கவில்லை. தோளைத் தட்டிப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட இன்னும் கொஞ்சம் மரியாதை உண்டு.

"அம்மா, வராதீங்க! உள்ள போங்க!"

லாரி கிளம்பியது. கியர் மாறும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பட்டாள முகாம்கள் இருக்கிற மிங்கலாடோனுக்குப் பஸ்ஸில் போனேன். வாசல் வாசலாக நின்றேன். அப்படி ஒரு பெயரே கிடையாது என்று ஒருவன் சிரித்தான். அர்த்தம் சொன்னேன். போ என்றான்.

இப்போது ஒரு குவளை அரிசி போடுகிறேன். அதுவும் மிஞ்சுகிறது. யாராவது படியேறினால் எழுந்து நிற்கிறேன். அவர்கள் மேல்மாடிக்குப் போய்விடுகிறார்கள். தனியாக இருப்பது கொடுமை. வேறு எப்படிச் சொல்ல?

போனவர்களைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிலில் இரண்டு. கடலில் மாரடைத்துப் போன கணவர் ஒருவர். லாரியில் ஒரு மகன், வயது இருபது.

கண்பட்டுவிடும் என்று பயந்து இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இனி என்ன பயம்? என் மகன் அவ்வளவு அழகாக இருப்பான்.