பத்துக்கு எத்தனை?

அட, அது டிரில் சத்தந்தான், ஆனா ஆபரேஷன் பண்றது இல்லடி நஜ்லா, பக்கத்து வார்டுல ஜன்னல் மாட்டுறாங்க. அதுக்குள்ள ஏன் இப்படி வெளுத்துப்போற? உனக்கு நாளைக்குத்தானே. என்னைப் பாரு, மண்டையத் தொறந்து கட்டிய எடுத்து மூடித் தச்சாச்சு, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரிதான் என் பொண்ணு ரீஹாமுக்கு மருதாணி. மாப்பிள்ளை வீட்டாளுங்க மன்ஸூராலேர்ந்து வேன் புடிச்சு வர்றாங்க. என் கையால வைக்காம கைய நீட்டவே மாட்டேன்னு அடம் புடிக்கிறா, கழுத. இந்தா, அந்த டீய நீ எடுத்துக் குடி, எனக்கு வேணாம்.

வலியா? வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல. ரொட்டி மென்னா தாடை வலிக்கும். உச்சியத் தொட்டா வேற யாரு தலையையோ தொட்ட மாதிரி மரத்துக் கெடக்கும். குனிஞ்சா உள்ள தண்ணி தளும்பும். பயந்துடாத, நெறைய பேருக்கு அப்படித்தானாம். அந்தா மூலையில படுத்திருக்கால்ல தஹானி, துணி தைக்கிறவ, அவளுக்கு யாரோ நூல இழுத்து இழுத்து முடிச்சுப் போடுற மாதிரி இருக்காம். தையலும் சரியில்லையாம், அவளா இருந்தா இன்னும் நெருக்கிப் போட்டிருப்பாளாம்! எதிர்க் கட்டில்ல இருக்குற ஸௌஸன் டீச்சருக்கு, கடைசி பீரியட் கிளாஸ் மொத்தமும் மண்டைக்குள்ள கத்துதாம்.

இதெல்லாம் நமக்குள்ளதான். டாக்டர் முன்னால ஒருத்தி வாயத் தொறக்கணுமே! பாவம் ஹிஷாம் டாக்டர், தெனமும் வந்து, வலி பத்துக்கு எத்தனைன்னு கேப்பாரு. அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாவுக்கேம்பா தஹானி. அல்ஹம்துலில்லாஹ்ம்பாங்க டீச்சர். அம்மா, அது மூணா எட்டாம்மான்னு கெஞ்சுவாரு மனுசன். அல்லா குடுத்ததுக்கு என்னை மார்க் போடச் சொல்றியாப்பான்னு கேட்டேன் பாரு, வார்டே சிரிச்சுது. அவரும் சிரிச்சுட்டு, எனக்கு ரெண்டுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

நீ அப்படிச் செய்யாத, என்ன? உள்ளதச் சொல்லிடு.

நானா? இன்னைக்குக் காலையிலயும் அல்ஹம்துலில்லாஹ்தான். பின்ன? விடிஞ்சதுலேர்ந்து வலி வேற மாதிரி இருக்குன்னு சொன்னா, உடனே ஸ்கேனும்பாரு, போகக் கூடாதும்பாரு, ரீஹாம் மருதாணி அவ்வளவுதான். வேற மாதிரின்னா... இது தாடை இல்லடி. உள்ள.

என்ன அப்படிப் பாக்குற? டீ ஆறிப்போச்சா? எனக்கு ஆசை இல்லாமயா உங்கிட்டத் தள்ளினேன். காலையிலேர்ந்து அந்தக் கிளாசத் தூக்கப் பாக்குறேன், இந்தக் கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. மருதாணி வைக்க வேண்டிய கையாச்சே, சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும்னு பாத்தேன். எனக்கே பயமாத்தான் இருக்கு.

கத்தாதடி, தஹானி இப்பத்தான் கண்ண மூடினா. பெல்லு உன் பக்கந்தான் இருக்கு, அழுத்து. நல்லா அழுத்து. ஹிஷாம் வந்து கேக்குறப்ப எனக்குப் பேச்சு வருதோ இல்லையோ, நீயே சொல்லிடு. பத்துக்குப் பத்துன்னு.